முல்லரின் கடலடி வாரி: செய்வதும் இழுப்பதும்

கடலடி உயிர்களை ஆராயவென்றே வாரி (கடல்தரையைச் சுரண்டி அள்ளும் கருவி) செய்து இழுத்த முன்னோடி, கோபன்ஹேகனில் பிறந்த ஓட்டோ ஃபிரெட்ரிக் முல்லர் (1730–1784). இரும்புச் சட்டம், அதன் பின்னால் வலை மடி, அவ்வளவுதான் கருவி.

ஆனால் அவருடைய சதுர வாயை அப்படியே செய்ய வேண்டாம். வாய் அகன்றிருந்தால் மேலே தூக்கும்போதே அள்ளியதில் பாதி கழுவிப் போய்விடும். டப்ளினில் ராபர்ட் பால் 1838-இல் செய்த ஒடுங்கிய வாயே மேல்: 45 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம். நீண்ட விளிம்புகள் இரண்டையும் சற்று வெளிப்பக்கம் சாய்த்துக் கூர்மையாக்குங்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் சுரண்டும். மடி 60 செ.மீ. நீளம், வலைக்கண் 1 செ.மீ. போதும்.

சட்டத்தின் முன்னால் நீளும் இரு கைகளில் ஒன்றில் மட்டும் இழுகயிற்றைக் கட்டுங்கள். மற்றக் கையை மெல்லிய சணலால் அதோடு பிணையுங்கள். பாறையில் மாட்டினால் சணல் அறுந்து, வாரி பக்கவாட்டில் திரும்பி விடுபடும். இரண்டையும் கனத்த கயிற்றால் கட்டினால் வாரியையே இழக்க நேரும்.

கயிறு ஆழத்தைப் போல் மூன்று மடங்கு வேண்டும். 10 பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்) ஆழத்துக்கு 30 பாகம் கயிறு. குறைத்தால் வாய் மேல்நோக்கி எழும்பி, மடி வெறுமையாக வரும். படகு நடை வேகத்தைத் தாண்டக்கூடாது. கயிற்றில் கை வையுங்கள்: விட்டுவிட்டு அதிர்ந்தால் சுரண்டுகிறது, வழவழவென்று வந்தால் தரையைத் தொடவில்லை. 5 நிமிடம் இழுத்தால் போதும்; அதற்குமேல் மடி சேற்றால் அடைந்து, உயிர்கள் நசுங்கும். கடற்புல் மேடைகளில் இறக்கவே கூடாது, மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும்.

சேற்றைக் கடல்நீர் வாளிக்குள் சல்லடையோடு அமிழ்த்தி அசையுங்கள். பீய்ச்சி அடித்தால் புழுக்கள் துண்டாகும். நன்னீரும் ஆகாது.

கிடைத்த உயிர்களை அன்றே வரைய வேண்டும், இதில் சமரசமே இல்லை. கெடாமல் வைக்கச் சாராயத்தில் இட்டால் நிறம் போய்விடும். ஓடில்லாக் கடல் நத்தை சுருங்கி வெறும் கட்டியாகும். முல்லரின் 'சூலோஜியா டானிகா' என்னும் விலங்கியல் நூலின் படத்தகடுகளைச் செதுக்கிய தம்பி கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக்கின் வேலையைப் பாருங்கள், அதில் உருவம் தெளிவாக நிற்கும். உயிரை ஆழமற்ற தட்டில், குளிர்ந்த கடல்நீரில் விட்டு, அது விரிந்த பிறகு தொடங்குங்கள். விரியாவிட்டால் ஒரு லிட்டர் நன்னீரில் 73 கிராம் மெக்னீசியம் குளோரைடு படிகம் கரைத்து, தட்டு நீரோடு சம அளவு மெல்ல ஊற்றுங்கள்.

பெரிதாக்கிய படத்தின் அருகே உண்மை அளவைச் சிறு கோடாகப் போடுங்கள். புட்டிக்குள் இடும் சீட்டில் நாள், இடம், ஆழம், தரை மணலா சேறா என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.