மதுரையை வீதி வீதியாக நடந்து பார்க்க

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது மதுரைக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, ஆட்டோவில் மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் இறங்கி, தரிசனம் முடித்து, அதே ஆட்டோவில் திரும்புகிறவர்கள்தான் நம்மில் அதிகம். பிள்ளைகளுக்கு அதில் ஊர் தெரிவதில்லை. வெளியிலிருந்து கோயிலை நோக்கி நடந்து வாருங்கள். மதுரை அப்படிப் பார்க்க வேண்டிய ஊர்.

கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரம் சதுரமாக அமைந்திருக்கின்றன. ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம். இது மனதில் பதிந்துவிட்டால் கூகுள் மேப் தேவைப்படாது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு வீதியில் முட்டிக்கொள்ளும். வழி கேட்கும்போது "அண்ணே, மேல மாசிக்கு எப்படிப் போகணும்?" என்று பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வெறும் மாசி வீதி என்றால் எது என்று திருப்பிக் கேட்பார்கள்.

ரயில் நிலையத்தில் தொடங்குவது வசதி. எதிரே மேல வெளி வீதி. பழைய கோட்டைச் சுவர் இருந்த இடம் இது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்தான் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் மாரட் வீதிக்கும். டவுன் ஹால் ரோட்டில் கிழக்கே நடந்தால் வீதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வரும். வழியில் ஒரு தெப்பக்குளம் உண்டு. சுற்றிலும் கடைகள் என்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மேல மாசி வீதியில் 251ஏ எண் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறியது இங்கே தங்கியிருந்தபோதுதான். இப்போது அங்கே காதி கடை இருக்கிறது.

தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளின் இடம். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் வேகமாகத் தாண்டிவிடலாம். எனக்குப் பிடித்தது விளக்குத்தூண் பக்கம்தான். துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் சந்துக்குள் திடீரென்று பத்துத் தூண்கள் நிற்கும். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், அண்ணாந்து பார்த்தால்தான் உச்சி தெரியும். கீழே வியாபாரம் அது பாட்டுக்கு நடக்கும். அரண்மனை ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது இங்கே நின்றால் புரியும். அரண்மனையில் இன்றும் மிஞ்சி நிற்கும் மஹாலுக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். வெயிலுக்கு ஜிகர்தண்டாவும் இந்தப் பக்கமே கிடைக்கும்.

கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும், கல்தரையும் காலைச் சுடும். சித்திரை வீதிகளில் வண்டிகள் வராததால் பெரியவர்களும் நிம்மதியாக நடக்கலாம். உள்ளே செல்போன் கூடாது. 2018 தீ விபத்துக்குப் பிறகு வந்த தடை அது. அதனால் போனைக் கொடுத்துவிட்டு நுழைவதற்கு முன்பே, பிரிந்துவிட்டால் எந்தக் கோபுரத்தடியில் சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றுபோலத் தெரியும், உயரமானது தெற்குக் கோபுரம். அரைக்கால் சட்டையோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், ஒரு வேட்டி பையில் இருக்கட்டும்.

அப்புறம், சில்லறை. பூக்காரம்மாவிடம்கூட க்யூஆர் அட்டை இருக்கும், ஆனால் உங்கள் வெளிநாட்டு அட்டை அதில் வேலை செய்யாது. பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைக் காலையிலேயே மாற்றி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.