சாக்கடைக்கு எஸ்டிமேட் போடும் முன்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புதுச் சாக்கடை என்று பேச்சு எழுந்தால், எத்தனை லட்சம், எப்போது ஆரம்பம் என்றுதான் கேட்பார்கள். முப்பது வருஷமாகக் கொத்தனார் கரண்டி பிடிக்கும் நான் கேட்பது வேறு: அடைத்துக்கொண்டால் எந்த இடத்தில் திறப்பீர்கள்?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது மொகஞ்சதாரோ. சுமார் 4,500 வருஷத்துக்கு முந்தைய ஊர். தெருவோரச் சாக்கடையைச் செங்கல்லில் கட்டி, வேண்டும்போது எடுக்கும்படி செங்கல்லோ கல்லோ வைத்து மூடியிருக்கிறார்கள். 1920களின் கடைசியில் அங்கே தோண்டிய எர்னெஸ்ட் மக்கே, சாக்கடை ஓரங்களில் சின்னச் சின்ன மணல் குவியல்களைக் கண்டார். தூர்வாரி மேலே போட்ட மணல். அள்ளியதை அப்படியே விட்டுப் போகும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது!

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். முதலில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. கண்ணை நம்பாதீர்கள். டியூப்பில் தண்ணீர் நிரப்பி, தெருவின் இரண்டு முனையிலும் பிடித்து மட்டம் குறியுங்கள். மொகஞ்சதாரோவில் மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. வாட்டம் விட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் பத்தடிக்கு இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு கிடைக்காத சமதளத் தெருவானால் சேம்பர்களை, அதாவது கசடு தங்கும் குழிகளை, கூட்டிப் போடச் சொல்லுங்கள்.

சேம்பரில்தான் விஷயமே இருக்கிறது. மொகஞ்சதாரோவில் பல வீடுகளின் கழிவுநீர் நேராகத் தெருவுக்குப் போகாது. முதலில் சிறு தொட்டியில் விழும். கசடு அடியில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வழிந்து போகும். சாக்கடைகள் சேரும் இடத்திலும், ஓட்டம் நீளும் இடத்திலும் தனியே குழி உண்டு.

எங்கள் தெருவில் நாலு வருஷத்துக்கு முன் அறுபதடிக்கு ஒரே கான்கிரீட்டாக மூடி வார்த்துவிட்டார்கள். ஒரு திறப்புகூட இல்லை. அடுத்த துலாவருஷ மழைக்கே, அதாவது ஐப்பசி மழைக்கே, தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. மூங்கிலை விட்டுக் குத்திப் பார்த்தோம், பிடிபடவில்லை. சம்மட்டியால் மூன்று இடத்தில் உடைத்த பிறகு கிடைத்தது: ஒரு அரிசிச் சாக்கு, அதைச் சுற்றி ரெண்டு சட்டி மண். திறப்பு இருந்திருந்தால் அரை மணி வேலை. உடைத்த ஓட்டைகள் இன்னும் தகரம் மூடிக் கிடக்கின்றன.

ஆகவே பத்தடிக்கு ஒரு தூக்கும் சிலாப்பு என்று எஸ்டிமேட்டிலேயே எழுத வையுங்கள். இரண்டடிக்கு ஒன்றரையடி, மூன்றங்குலக் கனம் என்றால் ஐம்பது கிலோ வரும். இருபக்கமும் கம்பி வளையம் இருந்தால் ரெண்டு பேர் தூக்கிவிடலாம். வண்டி ஏறும் இடத்துக்கு இது தாங்காது, அங்கே கனத்தைக் கூட்டத்தான் வேண்டும். மூலையில் சாக்கடையைச் சடக்கென்று மடக்காமல் வளைத்துத் திருப்புங்கள். அதையும் மொகஞ்சதாரோக்காரர்கள் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் ரோட்டு உயரம். மொகஞ்சதாரோவில் 700க்கு மேல் கிணறுகள் இருந்திருக்கலாம் என்று அந்த ஊரை ஆராய்ந்த மைக்கேல் யான்சன் கணக்கிட்டார். அவற்றில் சில இன்று புகைபோக்கி மாதிரி நிற்கின்றன. தரை உயர உயரக் கிணற்றுச் சுவரையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். சுற்றியிருந்த மண்ணைத் தோண்டி எடுத்ததும் கிணறு மட்டும் தனியாக நிற்கிறது. தெரு உயர்ந்தபோது சாக்கடைச் சுவரையும் சேர்த்தே ஏற்றினார்கள். நம்மிடம் தார் மட்டும்தான் ஏறுகிறது. என் வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது, இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். முடியாதென்றால் சாக்கடையை ஏற்றும் செலவையும் அதே வேலையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேரளத்தில் வார்டுக்கு வார்டு கிராமசபை உண்டு என்பது நமக்கு வசதி. வாட்டம், சேம்பர், சிலாப்பு எண்ணிக்கை, ரோட்டு மட்டம் நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மினிட்ஸில் ஏறாது. தமிழில் ஒரு நகல், மலையாளத்தில் ஒரு நகல். மலையாள நகலில் சாக்கடையை ‘ஓட’ என்று எழுத மறக்காதீர்கள்.