ஹட்டனிலிருந்து டுபாய்: பறக்கும் நேரமும் வீட்டிலிருந்து கிளம்பும் நேரமும் கணக்கிடுவது எப்படி

டிக்கட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். புறப்படுவது இலங்கைக் கடிகாரப்படி, இறங்குவது போய்ச் சேரும் நாட்டுக் கடிகாரப்படி. ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழித்தால் பறக்கும் நேரம் வராது.

டுபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். கட்டார், சவூதி, குவைத் இரண்டரை மணி பின்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். போகும்போது இந்த வித்தியாசத்தைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். மாலை 6.30க்கு இங்கே கிளம்பி இரவு 9.30க்கு டுபாயில் இறங்கினால், பறந்தது மூன்று மணி அல்ல, நாலரை மணி. டுபாயில் அதிகாலை 2.45க்குக் கிளம்பி இங்கே காலை 8.35க்கு இறங்கினால், 5 மணி 50 நிமிடத்தில் ஒன்றரை மணி போக 4 மணி 20 நிமிடம். வரும்போது நேரம் குறையக் காரணம், உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று.

டிக்கட் எடுக்கும் முன் மதிப்பிட, கிலோமீட்டர் தூரத்தை 850ஆல் (விமானம் ஒரு மணியில் ஏறக்குறைய போகும் தூரம்) வகுத்து, ஏற இறங்க அரை மணி சேருங்கள். கொழும்பு–டுபாய் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர்: நாலரை மணிக்குக் கிட்ட வரும். லண்டன் 8,700: பத்தே முக்கால். சுவர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கிய படம், நீண்ட தூரத்துக்குப் பிழைக்கும். கூகுள் மேப்பின் தூரம் அளக்கும் வசதி சரியாகக் காட்டும். இடையில் மாறி ஏறுவதென்றால் காத்திருக்கும் நேரம் தனி.

பெரிய தவறு நடப்பது நள்ளிரவு விமானத்தில். 15ஆம் திகதி 00.40 என்று இருந்தால், 14ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். 15ஆம் திகதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாளாகியிருக்கும். கலண்டரில் 15ஐ விட்டுவிட்டு 14ஐ வட்டமிடுங்கள்.

அந்த 00.40இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மணி முன்னதாக, அதாவது இரவு 9.40க்கு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக வேனுக்கு ஐந்து மணி வையுங்கள். வரைபடம் இதைவிடக் குறைவாகக் காட்டும். கினிகத்தேனை வளைவுகளில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லொறியின் வேகம்தான் உங்கள் வேகம். மேலும் ஒரு மணி கையிருப்பு. ஆகவே பிற்பகல் 3.40. வழியனுப்ப வேன் நிறைய ஆட்கள் வந்தால், கோயிலில் தேங்காய் உடைப்பது, பிள்ளைகள் வாந்தி எடுக்க நிறுத்துவது, தேநீர் என்று இன்னும் முக்கால் மணி போகும். மூன்று மணிக்கு முன்பே கதவைப் பூட்டுவது நல்லது.

நுவரெலியாக்காரர்கள் ரம்பொடை, கம்பளை, பேராதனை வழியாக வரலாம். கடுகண்ணாவை இறக்கத்திலும் மாலை நெரிசலிலும் நேரம் போகும், ஒரு மணி கூட்டுங்கள். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் முதல் நாளே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் தங்குங்கள். ரயிலை நம்புவதானாலும் முதல் நாள் ரயில்தான்.

பல விமானங்களுக்கு பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரை ஒரு மணி முன்னதாக மூடிவிடுவார்கள். விமானம் தரிப்பிடத்தில் நின்றாலும் அதன்பின் பெட்டியை வாங்கமாட்டார்கள்.