சீரியலுக்கு ஒரு டம்மி அரிவாள்: ஆரம்பநிலையினருக்கான செய்முறை

தென் மாவட்டக் கதை என்றால் சீரியலில் எங்காவது ஓர் அரிவாள் வந்தே தீரும். நடிகர் கையில் நிஜ இரும்பைக் கொடுத்து ஓங்கச் சொல்ல முடியாது. தெர்மாகோலில் செய்தால் முதல் வீச்சிலேயே முறிந்துவிடும். இதற்குத் தோதானது இவிஏ ஃபோம். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்து விரிக்கிறார்களே, அந்தப் பாயின் பொருள்.

5 மி.மீ. ஃபோம் ஷீட், 4 மி.மீ. ஃபைபர் கம்பி, செருப்பு ஒட்டும் ரப்பர் பசை, ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), கட்டர், மரவேலைக்கான வெள்ளைப் பசை, அக்ரிலிக் வண்ணங்கள், மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ், இவற்றோடு அட்டை, டேப், உப்புத்தாள், கயிறு இருந்தால் போதும்.

முதலில் அட்டையில் உருவத்தை வரையுங்கள். திருப்பாச்சேத்தி அரிவாளின் படங்களைப் பார்த்து வளைவைப் பிடியுங்கள். வளைவு தவறினால் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அட்டையை வைத்து ஃபோமில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். கட்டரின் பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு ஃபோமைக் கிழிக்கும்.

இரண்டு துண்டுகளின் உள்பக்கத்திலும் கம்பி படியும் அளவுக்குப் பள்ளம் செதுக்குங்கள். கம்பி கைப்பிடியில் தொடங்கி, நுனிக்கு இரண்டு அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும். அதன் முனையில் டேப்பைத் தடிமனாகச் சுற்றுங்கள். நடிகரின் கண்ணைக் காப்பது இந்த இரண்டு அங்குலம்தான். இதில் சமரசம் வேண்டாம். பிறகு இரு பரப்பிலும் பசை தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்துங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பசை டப்பா ஹீட் கன் அருகே இருக்கவே கூடாது.

வெட்டும் பக்கத்தை இருபுறமும் சாய்வாகச் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் மேலே ஓட்டினால் ஃபோமின் துளைகள் மூடி லேசான மினுமினுப்பு வரும். சூடு இருக்கும்போதே கரண்டியின் பின்புறத்தால் அங்கங்கே அழுத்துங்கள். பட்டறைச் சுத்தியலின் தடம் கிடைத்துவிடும். ஆறியதும் சிறிது நீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லிதாக மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது.

வேலையின் உயிர் வண்ணத்தில்தான் இருக்கிறது. புதியவர்கள் முழு அலகையும் (வெட்டும் தகட்டை) வெள்ளி நிறத்தில் குளிப்பாட்டி, அதைத் திருவிழாக் கடைப் பொம்மையாக்கிவிடுகிறார்கள். கொல்லன் பட்டறையில் அடித்த அரிவாளைப் பாருங்கள்: உடல் கருத்திருக்கும், தீட்டிய விளிம்பு மட்டும் வெளுத்திருக்கும். அதனால் முழுவதும் பளபளப்பற்ற கறுப்பு. அது காய்ந்ததும் தூரிகையில் வெள்ளி வண்ணத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, மிச்சமிருக்கும் வண்ணத்தை மட்டும் விளிம்பில் இழுங்கள். பிடிக்கு அருகில் கொஞ்சம் செம்பழுப்பு, துருவுக்காக. கைப்பிடிக்குக் கயிறு சுற்றிப் பழுப்பேற்றலாம். முடிவில் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு; இல்லாவிட்டால் செட் விளக்கு பட்டு பிளாஸ்டிக்போல மின்னும்.

எடை குறைவு என்பதால் நடிகர்கள் விசிறிபோலச் சுழற்றுவார்கள். மணிக்கட்டில் கனம் காட்டச் சொல்லுங்கள். உலோக ஓசையை ஒலிப்பதிவில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒன்றோடு நிறுத்தாமல் ஒரே மாதிரி இரண்டு செய்து, கீறல்கள் தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்சியின் மீதி அடுத்த வாரமும் எடுக்கப்படலாம். வெயிலில் நிறுத்திய காரில் போட்டுவைத்தால் அலகு கோணிவிடும். படப்பிடிப்புக்கு எடுத்துப் போகும்போது மூடிய பையில் வையுங்கள்; பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கு அது டம்மி என்று தெரியாது.