என்சைம் மாத்திரைதானே என்று செய்கிற தவறுகள்

பல் பிடுங்கியபோது டாக்டர் எழுதித் தந்த மாத்திரையில் நாலு மீந்துபோனால் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. மருந்து டப்பாவில் கிடக்கும். அடுத்த மாதம் முட்டி வலித்தால் அதுதான் முதலில் கைக்கு வரும். "வீக்கத்துக்கு நல்லா கேக்கும், வெறும் என்சைம்தான், ஒண்ணும் பண்ணாது" என்று பக்கத்து வீட்டுக்கும் இரண்டு போகும்.

அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயரின் கடைசியில் 'எஸ்பி' என்று இருந்தால், உள்ளே பெரும்பாலும் மூன்று சரக்கு: அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., செராஷியோபெப்டிடேஸ் 15 மி.கி. இதில் என்சைம் கடைசியில் இருப்பது மட்டும்தான். ஒரு மணி நேரத்தில் வலி விட்டது என்றால் அந்தப் பெருமை மற்ற இரண்டுக்கும்தான் சேரும். வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, ஏறும் பிரஷர் என்று வரக்கூடிய வம்புகளும் அசிக்ளோஃபெனாக்கின் வம்புகளே. என்சைம் என்று நினைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. சர்க்கரை நோயால் ஏற்கெனவே சிறுநீரகம் களைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டில்லை. நடுவில் காய்ச்சல் வந்து தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால், ஒரே மருந்து இரண்டு பக்கமிருந்து உள்ளே போகிறது.

சரி, அந்த செராஷியோபெப்டிடேஸ்தான் என்ன செய்கிறது? பட்டுப்புழுவின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது அது. ஜப்பானின் டகேடா நிறுவனம் அதை வீக்கத்துக்கான மருந்தாகப் பல பத்தாண்டுகள் விற்றது. பிறகு மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு மறுபடி சோதித்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011இல் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. இங்கே இன்னும் எழுதுகிறார்கள். கடைவாய்ப் பல் எடுத்தபின் வீக்கமும் வாய் திறக்க முடியாத இறுக்கமும் கொஞ்சம் குறைவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. டாக்டர் மூன்று, ஐந்து நாளுக்கு எழுதினால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் வருஷக்கணக்கான மூட்டுத் தேய்மானத்துக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க ஆதாரம் போதாது.

எப்போது போடுவது என்பதிலும் குழப்பம் உண்டு. என்சைம் ஒரு புரதம். இரைப்பை அமிலம் அதைக் கெடுத்துவிடும். அதனால்தான் குடலுக்குப் போய்க் கரையும்படி மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அதைப் பொடித்துப் பாலில் கலக்கித் தந்தால் பூச்சு போச்சு, பலனும் போச்சு. தனி என்சைம் மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போடச் சொல்வார்கள். இந்தச் செய்தியை எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டு, அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரையையும் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நெஞ்செரிச்சலை வரவழைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கலவை மாத்திரை சாப்பிட்ட பிறகுதான்.

அப்புறம் 'ரத்த ஓட்ட' மாத்திரைகள். இதில் இப்போது நாட்டோகைனேஸ் பெயர்தான் எங்கும் அடிபடுகிறது. சோயா பீன்ஸை நொதிக்கவைத்துச் செய்யும் நாட்டோ என்கிற ஜப்பானிய உணவிலிருந்து கிடைப்பது. ரத்தக் கட்டியின் வலைப்பின்னலான ஃபைப்ரினைக் கரைக்கும் தன்மை அதற்கு இருப்பது ஆய்வகத்தில் தெரிந்த உண்மை. பப்பாளிக்காய்த் துண்டு போட்டால் முற்றிய ஆட்டுக்கறியும் மெத்தென்று வெந்துவிடுகிறதே, அதுவும் என்சைம் வேலைதான். ஆனால் குண்டானில் நடப்பதை வைத்து இதயக் குழாய் அடைப்பும் இப்படிக் கரையும் என்று விளம்பரம் சொன்னால் நம்பக்கூடாது. 265 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் தினமும் 2,000 எஃப்யூ (ஃபைப்ரினைக் கரைக்கும் திறனின் அளவு) வீதம் சுமார் மூன்று வருஷம் நாட்டோகைனேஸ் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2021இல் வெளிவந்தது. கழுத்து ரத்தக் குழாய்ச் சுவர் தடிப்பதில் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. 10,800 எஃப்யூ கொடுத்தால் அடைப்பு குறைகிறது என்று ஒரு சீன ஆய்வு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஒப்பிடப் போலி மாத்திரைக் குழுவே இல்லை.

பலன் இல்லாவிட்டால் பணம்தான் போகும், உயிர் போகாது என்று விட்டுவிடவும் முடியாது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுவார்கள். வார்ஃபரினை நிறுத்திவிட்டு நாட்டோகைனேஸுக்கு மாறிய ஒருவருக்குச் செயற்கை வால்விலேயே ரத்தம் கட்டி, மறுபடி வால்வு மாற்ற வேண்டிவந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ஆஸ்பிரினோடு சேர்த்து ஒரு வாரம் சாப்பிட்டவருக்கு மூளையில் ரத்தக் கசிவு வந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இதயமருத்துவரைக் கேட்காமல் இந்தப் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது என்சைம் போட்டுப் பார்க்கிற வீக்கமல்ல. காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஒவ்வாமையையும் மறந்துவிடுகிறார்கள். அன்னாசி ஒத்துக்கொள்ளாதவருக்கு அன்னாசியிலிருந்து எடுக்கும் ப்ரோமலைன் என்சைம் ஆகாது, சோயா ஒவ்வாதவருக்கு நாட்டோகைனேஸ் ஆகாது. வீக்கத்துக்கு எழுதும் வேறு இரண்டு என்சைம்களான ட்ரிப்சின், கைமோட்ரிப்சின் மாட்டின் அல்லது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவம் பார்க்கிறவர்கள் கேட்டு வாங்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் "என்னென்ன மாத்திரை எடுக்கிறீங்க?" என்று கேட்கும்போது டாக்டர் எழுதிக்கொடுத்ததை மட்டும் சொல்லிவிட்டு, ஆன்லைனில் வாங்கியதைச் சொல்லாமல் விடுவது இன்னொரு வழக்கம். நாட்டோகைனேஸ், செராஷியோபெப்டிடேஸ், ப்ரோமலைன் மூன்றையுமே இரண்டு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம். பல் பிடுங்கப் போனாலும் சொல்லுங்கள். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் பாட்டிலையே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.