குஞ்சுகளோடு முதல் பத்து இரவுகள்

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் நான் முதன்முதலாக இறக்கியது 60 நாட்டுக்கோழிக் குஞ்சுகள். ஐப்பசி மாதம், அடைமழை. நான்காம் நாள் விடியற்காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் மூலையில் ஒரு குவியல். மேலே இருந்தவை கத்திக்கொண்டு ஓடின. அடியில் 23 குஞ்சுகள் தட்டையாகக் கிடந்தன. இரவில் எப்போதோ மின்சாரம் போயிருக்கிறது. குளிர் தாங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. ஏதோ நோய் என்று மருந்துக் கடைக்குக் கிளம்பிய என்னை மாமியார்தான் நிறுத்தினார். "நோய் இருக்கட்டும். ராத்திரி ஒரு தடவையாவது எழுந்து பார்த்தாயா?" பார்க்கவில்லை.

இப்போது 50 குஞ்சு இறக்கினால் முதல் மாதத்தில் இரண்டோ மூன்றோதான் போகும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இறந்த குஞ்சு ஒவ்வொன்றுக்கும் தேதியும் காரணமும் எழுதி வருகிறேன். புரட்டினால் பாதிக்கு மேல் முதல் பத்து நாளுக்குள் போனவை. காரணம் என்ற இடத்தில் திரும்பத் திரும்பக் 'குளிர்'.

குஞ்சு வருவதற்கு முதல் நாளே இடம் தயாராக இருக்க வேண்டும். ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ கெட்டி அட்டையையோ வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். 50 குஞ்சுக்கு நான்கடி விட்டம் போதும். மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போகலாம். சதுரமாக அடைக்காதீர்கள். மூலை இருந்தால் அங்கேதான் போய்க் குவியும். என் 23 குஞ்சும் போனது அப்படித்தான். தரையில் இரண்டு அங்குலத்துக்கு உலர்ந்த நெல் உமி. முதல் இரண்டு மூன்று நாள் உமியைத் தீவனம் என்று கொத்தித் தின்னும் என்பதால் மேலே எதையாவது விரிக்க வேண்டும். பலரும் செய்தித்தாள் விரிக்கிறார்கள். அது வழுக்கும், கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து குஞ்சு தவளை மாதிரி கிடக்கும். நான் துவைத்துக் காயவைத்த பழைய சாக்கை விரிக்கிறேன். பிரிந்த நூல் தொங்கினால் வெட்டிவிடுங்கள், காலில் சுற்றிக்கொள்ளும்.

வெப்பத்துக்குக் குண்டு பல்பு வேண்டும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. 50 குஞ்சுக்கு 60 வாட் பல்பு இரண்டு, தரையிலிருந்து ஒன்றே கால் அடி உயரத்தில். ஒன்று பியூஸ் ஆனால் மற்றது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு. முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சு வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே பல்பைப் போட்டுவிடுங்கள், தரையும் சூடாகட்டும்.

வெப்பமானி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். ஆனால் நான் அதிகம் பார்ப்பது குஞ்சுகள் படுத்திருக்கும் விதத்தைத்தான். பல்புக்கு அடியில் நெருக்கியடித்து, கீச்கீச்சென்று கூர்மையாகக் கத்தினால் குளிர். பல்பைத் தாழ்த்த வேண்டும். தகரத்தின் ஓரமாக விலகி, வாயைத் திறந்து, இறக்கையைத் தளர்த்தி மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் மறுபக்கத்திலிருந்து காற்று வருகிறது; எங்கே சந்து என்று தேடி அடையுங்கள். இரை சிந்தியது போல வட்டம் முழுக்கப் பரவிக் கிடந்து மெல்லிய சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் தூங்கப் போகலாம். சந்தேகம் இருந்தால் ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் வெப்பமானி என்ன காட்டினாலும் அந்தக் குஞ்சு குளிரில்தான் இருக்கிறது. முதல் பத்து இரவும் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன். என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். இப்போது டார்ச் லைட்டை அவரே எடுத்துத் தருகிறார்.

மின்சாரம் போனால்? கரியைப் பற்றவைத்துச் சட்டியில் உள்ளே வைப்பவர்கள் உண்டு. மூடிய கொட்டகையில் அந்தப் புகையே குஞ்சைக் கொன்றுவிடும். நான் சுடுநீரைப் பாட்டில்களில் ஊற்றிச் சாக்குத் துணி சுற்றி வட்டத்தின் நடுவில் படுக்க வைப்பேன். மேலே சாக்கால் மூடி, காற்றுக்கு ஒரு சாண் திறந்து விடுவேன். இரண்டு மணி நேரம் தாங்கும். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயிலுக்குப் பகலில் பல்பே தேவைப்படாது.

வாங்கும்போதே குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும். ஈரமாகவோ கருத்தோ இருந்தால் வேண்டாம், சில நாளில் வயிறு உப்பிச் சாகும். மல்லாக்கப் போட்டால் இரண்டு மூன்று நொடியில் புரண்டு எழ வேண்டும். மேரக்ஸ், அதாவது கால் இறக்கையை முடக்கும் நோய்க்கான தடுப்பூசி, பொரிப்பகத்திலேயே முதல் நாள் போடுவது. போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய, லேசான வெதுவெதுப்புள்ள தண்ணீரில் சிறு துண்டு கருப்பட்டி கரைத்து வைப்பேன். முதல் நாள் மட்டும்தான். அதையும் புளிக்கும் முன் மாற்றிவிட வேண்டும். நாலைந்து குஞ்சின் அலகை நனைத்து விட்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். ஒரு விரல் ஆழத் தண்ணீரிலும் குஞ்சு மூழ்கும். மூழ்காமல் நனைந்தாலும் குளிரில் போய்விடும். இரண்டு மணி நேரம் கழித்துத் தீவனம். முட்டையின் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இருப்பதால் இரண்டு நாள் தாங்கும் என்பது உண்மை. பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிவது அதனால்தான். அதை நம்பி நாமும் பட்டினி போடக் கூடாது. குருணை மட்டும் போட்டு வளர்த்தால் இறக்கை தொங்கிப் போகும். 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் வேண்டும். முதல் நாள் இரவு பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளின் கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் தின்றும் குடித்தும் இருக்கிறது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. காலியாக இருப்பதைத் தனியே எடுத்து ஊட்டுங்கள்.

மூன்றாம் நாள் வாக்கில் சில குஞ்சுகளின் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிய்க்காதீர்கள், தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கு, அதாவது இராணிக்கெட் நோய்க்கு, லசோட்டா சொட்டு மருந்து. கண்ணில் ஒரு சொட்டு. குஞ்சு கண்ணை மூடித் திறக்கும்வரை கையில் வைத்திருங்கள், இல்லையென்றால் உதறிவிடும். பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு குப்பி 50 குஞ்சுக்கு அதிகம் என்பதால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் நாங்களும் ஒரே வாரத்தில் குஞ்சு இறக்கி, மருந்தைப் பகிர்ந்துகொள்கிறோம். 14ஆம் நாள் குஞ்சின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் கம்போரோ நோய்க்கு, 28ஆம் நாள் மறுபடி லசோட்டா, எட்டாவது வாரம் அதே வெள்ளைக்கழிச்சலுக்கு இறக்கையில் ஊசி. சோர்ந்திருக்கும் குஞ்சுக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது வாரத்துக்கு மேல் பயம் இரத்தக்கழிச்சல். அதற்கு வேர் ஈர உமி. தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளி வெளியே போடுங்கள். கொட்டகையில் காற்று சரியா என்று நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது; மண்டியிட்டுக் குஞ்சின் உயரத்தில் முகருங்கள். கண் எரிந்தால் பக்கவாட்டுச் சாக்கின் மேல்பகுதியைத் திறந்துவிட வேண்டும்.

தாய்க்கோழியோடு விடுபவர்களுக்கு வெப்பக் கவலை இல்லை. அவர்களுக்கு எறும்பு, காக்கை, கீரி. முதல் வாரம் பஞ்சாரத்திலேயே வைத்து இரை போட்டு, பனி உலர்ந்த பிறகு வெளியே விடச் சொல்வார் மாமியார். தாய் எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டவர்கள் வீட்டில்தான் மாலையில் எண்ணிக்கை குறைகிறது.

செத்த குஞ்சைக் கண்டதும் எடுத்து ஆழமாகப் புதைத்து, கை கழுவுங்கள். ஒரே நாளில் நாலைந்து செத்தால் மட்டும் புதைக்காமல், ஒன்றிரண்டைப் பையில் கட்டி அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்துத்தான் காரணம் சொல்ல முடியும். பெரிய கோழிகளுக்கு இரை போட்டுவிட்டு அதே செருப்போடு குஞ்சுக் கொட்டகைக்குள் போகாதீர்கள். எங்கள் கொட்டகை வாசலில் குஞ்சுக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அதை வேறெதற்கும் போடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன்.