தார் ஜீப்பை உயர்த்தும் முன் அளவு நாடாவை எடுங்கள்

போடி மெட்டு ஏறி இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் எங்களுக்கு, மஹிந்திரா தார் வண்டியின் அடிவயிறு கல்லில் உரசும் சத்தம் புதிதல்ல. அதைக் கேட்டுச் சலித்தவர்கள்தான் "அண்ணே, இரண்டு இஞ்ச் தூக்கிவிடலாமா?" என்று என்னிடம் வருகிறார்கள். இப்போது எவ்வளவு உயரம் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். அளந்து வைத்திருப்பவர் அநேகமாக ஒருவரும் இல்லை.

முதலில் அதைச் செய்யுங்கள். வண்டியைக் காலி செய்து சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவின் விளிம்பு வரை, நான்கு சக்கரங்களிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். பிறகு அதே மாடலில் அதிகம் ஓடாத வண்டி ஒன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். உர மூட்டையும் ஏலக்காய் மூட்டையும் சுமந்த வண்டியின் பின்பக்கம் இறங்கியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கம்பெனி ஸ்பிரிங்கை அதே பாக எண்ணில் வாங்கி, இடது வலது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இழந்த உயரம் திரும்ப வரும். இது பழுதுபார்ப்பு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

சுமையையும் பாருங்கள். கூரைமேல் இரும்புக் கேரியர், முன்னால் கனமான இரும்பு பம்பர் என்று மாட்டிக்கொண்டு, வண்டி தாழ்ந்துவிட்டது என்று புலம்புவதில் பொருளில்லை. இத்தகைய பம்பர் தடுப்புகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றினால் உயரமும் கிடைக்கும், நிம்மதியும் கிடைக்கும்.

இனி, ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் என்னும் தடித்த வளையம் வைத்து உயர்த்துவது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. "சின்ன வளையம்தானே, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?" என்பார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு சர்வேயர் குனிந்து பார்ப்பார்.

சட்டத்தை விடுங்கள், பலனையாவது பார்ப்போம். 2020இல் வந்த மூன்று கதவுத் தாரின் பின் அச்சு, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கட்டை. கல்லில் முதலில் இடிக்கும் டிஃபரன்ஷியல், அதாவது இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, அந்த அச்சின் மீதே இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேல் எத்தனை வளையம் வைத்தாலும் உடல்தான் எழும்பும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே. முன்பக்கமோ தனித்தனிச் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும். அங்கே உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டுகளின் சாய்வு கூடும், அவற்றின் மூட்டுகளை மூடும் ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும், சக்கரக் கோணங்கள் மாறும், முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயும்.

டயரிலும் கம்பெனியின் எல்லைக்குள் நில்லுங்கள். அந்தத் தாரின் ஏ.எக்ஸ். வகைக்கு 245/75 ஆர்16, எல்.எக்ஸ். வகைக்கு 255/65 ஆர்18. விட்டம் சுமார் 774 மி.மீ., 789 மி.மீ. அதாவது பெரிய டயர் போட்டால் அச்சு உயர்வது வெறும் 7 மி.மீ. அதற்காக நான்கு ரிம்மும் டயரும் வாங்க நான் சொல்ல மாட்டேன். கல் பாதைக்குப் பக்கச்சுவர் உயரமான 16 அங்குல டயரே மேல். இடியை அது வாங்கிக்கொள்ளும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், உங்கள் வகைக்கு அது பொருந்தும் என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். வேகமானி சுமார் 2 சதவீதம் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்றது ஓட்டும் முறை. பெரிய கல்லைக் கண்டதும் அதை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டு ஓட்டுவது கார்க்காரர்களின் பழக்கம். டிஃபரன்ஷியல் தொங்கும் வண்டிக்கு அது ஆகாது. கல் அசையாததுதானா என்று இறங்கிப் பார்த்துவிட்டு, நான்கு சக்கரமும் மெதுவாக, வலுவாக இழுக்கும் ஃபோர் லோ கியரில் போட்டு, டயரையே அதன்மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள்.

ஏற்கெனவே உயர்த்திய பழைய வண்டியை வாங்குகிறீர்களா? ஸ்பிரிங்கின் மேல்முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி ரப்பருக்குப் பக்கத்தில் அலுமினிய வளையமோ தடித்த பாலியூரித்தேன் துண்டோ இருந்தால், பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் புதிதாக வாங்கும் செலவை விலையில் கழியுங்கள். மாற்றியபின் வீல் அலைன்மென்ட்டையும் விளக்கின் சாய்வையும் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.